உப்புக் கணக்கை விட்டு நாடகத்துக்கு வந்தவர்

நாடகத் தமிழின் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வரலாறு

மாதேஸ்வரன் மலை:

தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஓர் இளைஞர், 24-வது வயதில் அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலையை விட்டுவிட்டு ஒருவன் கூத்தாடப் போனான் என்றால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கூத்தாடிக்குக் குடியிருக்க வீடு கிடைக்காது, பெண் கிடைக்காது, சபையில் மரியாதை கிடைக்காது என்றிருந்த காலம் அது. வருடம் 1891.

அந்த இளைஞர்தான் பிற்காலத்தில் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் என்று தமிழ்நாடு முழுவதும் கொண்டாடிய பெருமகனார். 'வள்ளி திருமணம்' பார்த்திருக்கிறீர்களா? 'பவளக்கொடி' பார்த்திருக்கிறீர்களா? ஊர்த் திருவிழாவில் விடிய விடியத் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நம்மில் ஏராளம். எழுதியவர் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

எஸ்.எஸ்.எல்.சி. வரை ஆங்கிலப் பாடம் படித்தவர்களுக்கு ஷேக்ஸ்பியரைத் தெரியும். ஷைலக் என்ற வட்டிக்காரன் கடனுக்கு ஈடாக ஒரு பவுண்டு சதை கேட்ட கதையைப் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டிருக்கிறோம். அந்த ஷேக்ஸ்பியர் 1564-ல் பிறந்து 1616-ல் மறைந்தார். அவரும் முதலில் வேஷம் கட்டிய நடிகர்தான். கம்பெனிக்குப் புது நாடகம் வேண்டும் என்பதற்காக எழுதினார். பழைய கதைகளை எடுத்துத் தம் சொல்லால் புதிதாக்கினார். அவர் காலத்து மேடையிலும் பெண் வேஷத்தைப் பையன்களே கட்டினார்கள். இவ்வளவும் நம் சுவாமிகளுக்கு அப்படியே பொருந்தும். பொருந்தாத இடமும் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிறப்பும் படிப்பும்

1867-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி, அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில் தூத்துக்குடிப் பக்கம் உள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தை தாமோதரத் தேவர், இராமாயணத்தில் தேர்ந்த புலவர். முதல் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் இலக்கணம் படித்தார். 16 வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் பாடத் தொடங்கிவிட்டார் என்பார்கள்.

வெண்பா எழுதத் தெரிந்த கையில் உப்பு மூட்டைக் கணக்கைக் கொடுத்தார்கள். சில ஆண்டு எழுதினார். உப்பு அப்போது சர்க்கார் வரி விதித்திருந்த சரக்கு. மூட்டைக்கு மூட்டை கணக்கு காட்டவேண்டும். பேரேட்டில் ஒரு இலக்கம் பிசகினாலும் என்ன பாடு என்று ரயில்வேயில் பார்சல் கணக்குப் பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். ஒருவேளை அந்தப் பழக்கம்தானோ என்னவோ, பிற்காலத்தில் அவர் பாடல்களில் தாளக் கணக்கு ஒரு மாத்திரைகூடப் பிசகவில்லை.

அன்றைய நாடக மேடையின் நிலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கிராமத்தில் தெருக்கூத்து இருந்தது. பட்டணத்தில் பம்பாயிலிருந்து வந்த பார்சி கம்பெனிகளும் மராட்டிக் கம்பெனிகளும் சீன் திரை, மேடை விளக்கு என்று ஜோடனை காட்டிப் பணம் பண்ணின. அதைப் பார்த்துத் தஞ்சாவூர், மதுரைப் பக்கங்களில் தமிழ்க் கம்பெனிகள் முளைத்தன. திரை வந்துவிட்டது, ஆர்மோனியம் வந்துவிட்டது, நாடகம்தான் வரவில்லை. பாட்டு மட்டும் இருக்கும். பேச்சை நடிகர்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். ஒருவர் செந்தமிழ், மற்றவர் பச்சைக் கொச்சை. ராஜாவுக்கும் மந்திரிக்கும் மேடையிலேயே வாய்த்தகராறு வந்துவிடும். ஜனங்கள் அதையும் நாடகம் என்று எண்ணிக் கைதட்டுவார்கள்.

இந்தச் சந்தையில் வந்து நின்றார் நம் கணக்கர். சேர்ந்த இடம் ராமுடு அய்யர், கல்யாணராமய்யர் நடத்திய கம்பெனி.

எமனும் சனியும்

சுவாமிகளுக்கு ஆஜானுபாகுவான உடம்பு, கணீரென்ற குரல். எனவே இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் போன்ற பயங்கர வேஷங்களே அவருக்குக் கிடைத்தன. அதில் அவர் பெயர் வாங்கிய விதம் அவருக்கே வினையாக வந்தது.

'சாவித்திரி' நாடகத்தில் எமனாக வந்து பாசக்கயிற்றுடன் மேடையில் குதித்தபோது, கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பயத்தில் கரு கலைந்துவிட்டது என்று சொல்லப்படுகிறது. இன்னொரு சமயம் 'நளதமயந்தி' முடிந்து விடியற்காலையில், சனீஸ்வர வேஷம் கலையாமலே, முகத்துப் பூச்சைக் கழுவ நீர்நிலைக்குப் போனார். கரிய மேனியும் கோரைப் பல்லுமாக ஓர் உருவம் அரையிருட்டில் கரையிறங்கி வருவதைக் கண்டு, அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அலறி விழுந்து உயிரையே விட்டாளாம். நாடக உலகில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் சம்பவங்கள் இவை.

வேறு நடிகராக இருந்தால் இதையே விளம்பரமாக்கி நோட்டீஸ் அடித்திருப்பார். இவருக்கு மனம் ஒடிந்துவிட்டது. இனி வேஷம் கட்டுவதில்லை என்று முடிவு செய்தார். சாமி நாயுடு கம்பெனியில் சூத்திரதாரராக மட்டும் மேடையில் வருவார். மற்ற நேரமெல்லாம் நாடகம் எழுதுவதும் நடிகர்களுக்குப் பாடம் சொல்வதுமாகக் கழிந்தது. தமிழுக்கு ஒரு நல்ல நடிகர் போய் ஒரு வாத்தியார் கிடைத்தார். நாடகக் கம்பெனிகளில் பாடம் சொல்பவருக்கு 'வாத்தியார்' என்றுதான் பெயர்.

அங்கும் நிலைக்கவில்லை. ஒரு கட்டத்தில் வாழ்க்கையில் பற்று விட்டு, காவி உடுத்தி, தல யாத்திரை புறப்பட்டுவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. 'சுவாமிகள்' என்ற பெயர் நிலைத்தது இப்படித்தான். சுற்றியலைந்து புதுக்கோட்டைக்கு வந்தவரைத் தடுத்து நிறுத்தித் தம் பிள்ளைபோல் வைத்துக்கொண்டவர் மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிரா என்ற சிறு வாத்தியத்துக்குக் கச்சேரி மேடையில் இடம் வாங்கித் தந்த மகாவித்துவான் அவர். அவரோடு இருந்த காலத்தில் தாள நுணுக்கமெல்லாம் சுவாமிகளுக்குக் கைவந்தது. அவருடைய சந்தப் பாடல்கள் பாட எளிதாக இருக்கும்; தாளம் போட்டுப் பார்த்தால்தான் பொடி வைத்திருப்பது தெரியும். மான்பூண்டியா பிள்ளையும் சேர்ந்து வற்புறுத்த, மறுபடியும் நாடகத்துக்கே வந்தார்.

வள்ளி வைத்தியநாதய்யர் கம்பெனி, அல்லி பரமேஸ்வரய்யர் கம்பெனி, பி.எஸ். வேலு நாயரின் சபை என்று பல இடங்களில் வாத்தியாராக இருந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, அல்லி அர்ஜுனா, சத்தியவான் சாவித்திரி, கோவலன், சதி சுலோசனா, பிரகலாதன், லவகுசா, நல்லதங்காள் என்று நாடகங்கள் வரிசையாக வந்தன. வடமொழியின் மிருச்சகடிகமும், ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் கதையும்கூட அவர் பட்டியலில் உண்டு. எல்லாம் சேர்த்து நாற்பதுக்கு மேல் என்பார்கள். 68 என்று கணக்குச் சொல்பவர்களும் உண்டு.

அதே 1891-ல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அதற்குத் தூண்டுகோல் நமது கர்நாடகத்தில் இன்று இருக்கும் பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லு குழுவின் தெலுங்கு நாடகங்கள். முதலியார் 'ஹாம்லெட்'டை 'அமலாதித்யன்' என்றும் 'மாக்பெத்'தை 'மகபதி' என்றும் தமிழாக்கி நடித்தார். படித்தவர்கள், வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள் அந்தப் பக்கம் போனார்கள். கட்டை வண்டி கட்டி வந்த ஜனங்கள் சுவாமிகள் பக்கம் இருந்தார்கள். இரண்டில் எது உயர்வு என்று சண்டை போடுவதற்கு இல்லை. ஆனால் எழுத்து வாசனை அறியாத ஒரு விவசாயி திருக்குறளையும் நீதி நூல்களையும் காதால் கேட்டது எங்கே என்றால், சுவாமிகளின் வசனத்தில்தான் என்றால் மிகையாகாது.

சிறுவர் கம்பெனி

பெரிய நடிகர்களோடு சுவாமிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. குடித்துவிட்டு வருவார்கள். பாடம் கேட்கமாட்டார்கள். எழுதியதை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பேசுவார்கள். பார்த்தார் சுவாமிகள். பையன்களை வைத்தே கம்பெனி நடத்துவது என்று முடிவெடுத்தார். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை உருவாயிற்று. பின்னால் பாட்டால் தமிழ்நாட்டையே மயக்கி, 1933-ல் இளவயதிலேயே மறைந்த செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா, சிறுவனாக அங்கே பாடம் கேட்டவர்.

1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது. பெண் வேஷக்காரரான கண்ணுசாமிப் பிள்ளை தம் பிள்ளைகளை அதில் கொண்டுவந்து சேர்த்தார். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பின்னர் பகவதி. இவர்களே டி.கே.எஸ். சகோதரர்கள். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது.

சண்முகத்தின் வயதுக்கும் உருவத்துக்கும் பொருத்தமாக ஒரு நாடகம் வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். சுவாமிகள் ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விடிந்து பையன்கள் எழுந்து வந்தபோது 'அபிமன்யு சுந்தரி' முழு நாடகமும் தயாராக இருந்தது. பாடலும் வசனமுமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்! இதைப் பிற்காலத்தில் சண்முகமே தம் 'எனது நாடக வாழ்க்கை'யில் எழுதியிருக்கிறார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. சிறுவர் கம்பெனி என்றால் வீட்டை விட்டு, தாய் முகம் பார்க்காமல், ஊர் ஊராகப் போகும் பிழைப்பு. ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துத்தான் பையனைச் சேர்ப்பார்கள். மூன்று வேளைச் சாப்பாடு நிச்சயம். வறுமைப்பட்ட குடும்பங்களுக்கு அதுவே பெரிது. அடியும் நிச்சயம். பதினான்கு, பதினைந்து வயதில் 'மகரக்கட்டு' வரும். குரல் உடைந்துவிடும். நேற்றுவரை கிருஷ்ணனாகப் பாடிக் கைதட்டல் வாங்கியவன் மறுநாள் திரை இழுக்கிறவனாக ஆகிவிடுவான். அல்லது மூட்டை கட்டவேண்டியதுதான். பெயர் பெற்றவர்களைப் பற்றி நாம் எழுதுகிறோம். மகரக்கட்டில் தொலைந்துபோன பையன்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. பிள்ளைகள் கெட்டுப்போகாமல் இருக்கவேண்டும் என்று கண்டிப்பாக இருந்தவர் சுவாமிகள். ஆனால் அவர் காட்டிய வழியில் பின்னால் கம்பெனி வைத்த எல்லாரும் சுவாமிகள் அல்லவே.

பொருந்தாத இடம்

முன்பு சொன்ன அந்த ஒன்று இதுதான். ஷேக்ஸ்பியர் தம் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். 1597-ல் சொந்த ஊரில் பெரிய வீடு வாங்கினார். அவர் இறந்து ஏழு வருஷத்துக்குப் பின், 1623-ல், கூட நடித்த நண்பர்கள் 36 நாடகங்களைத் திரட்டி ஒரே புத்தகமாக அச்சிட்டார்கள். அதனால் பிழைத்த நாடகங்கள் பல.

சுவாமிகளுக்கு வீடும் இல்லை, பங்கும் இல்லை. அவர் நாடகத்தை வைத்து முதலாளிகள் சம்பாதித்தார்கள். பாட்டுப் புத்தகம் போட்டவர்கள் சம்பாதித்தார்கள். மலிவுப் பதிப்புகளில் யார் யாரோ எழுதிய பாட்டுகளையெல்லாம் அவர் தலையில் கட்டினார்கள்; அவர் பாட்டை வேறு பெயரிலும் போட்டார்கள். எது அவருடையது, எது இடைச்செருகல் என்று பிரிப்பது அறிஞர்களுக்கே பெரிய வேலையாகிவிட்டது. கணக்கராக வாழ்க்கையைத் தொடங்கியவர் தமக்கென்று ஒரு கணக்குப் புத்தகமும் வைத்துக்கொள்ளவில்லை!

1921-ல் அவரைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் விழுந்தன. வாய் பேச முடியவில்லை. ஒரே இரவில் ஒரு நாடகம் எழுதிய கை; எமனாக நின்றபோது கொட்டகையை நடுங்க வைத்த குரல்! கம்பெனி அவரைக் கைவிடவில்லை. ஊர் ஊராகக் கூடவே அழைத்துச் சென்றார்கள். பையன்கள் தம் வசனத்தைத் தப்பாகச் சொன்னாலும் திருத்த முடியாமல் பார்த்துக்கொண்டு இருந்தார். 1922 நவம்பர் 13-ந் தேதி, கம்பெனி முகாமிட்டிருந்த புதுச்சேரியில் காலமானார். வயது 55.

அவர் விட்டுச் சென்றது

டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். என்.எஸ். கிருஷ்ணன் அங்கே வளர்ந்தவர். கமல்ஹாசன் சிறு வயதில் சண்முகத்திடம் பயிற்சி பெற்றவர். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இருந்தார். சிவாஜி கணேசனும் சிறுவர் கம்பெனிப் பிள்ளைதான். சிவாஜியின் தமிழ் உச்சரிப்பை நாம் வியக்கிறோமே, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அடிக்கல் போட்டவர் யார் என்று பார்த்தால் சுவாமிகளிடம் போய் நிற்கும்.

இங்கேயும் அதே கதைதான். குப்பி வீரண்ணா கம்பெனி கன்னட நாட்டில் செய்ததை நம்மோடு வேலை பார்க்கும் கன்னட நண்பர்களைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். நமது கொள்ளேகாலம் பக்கத்துச் சிங்காநல்லூர் புட்டசாமய்யா அந்த மேடையில் நடித்தவர். அவர் மகன் சிறுவனாக அதே கம்பெனியில் ஏறி, 1954-ல் 'பேடர கண்ணப்பா' படத்தில் கதாநாயகனாகி, டாக்டர் ராஜ்குமார் ஆனார். கண்ணப்பன் கதை இரண்டு மொழிக்கும் பொது. கொள்ளேகாலமே 1956 வரை கோயம்புத்தூர் ஜில்லாவில்தானே இருந்தது! இன்றும் சிவராத்திரிக்கும் உகாதிக்கும் தீபாவளிக்கும் இந்த மலைக்குச் சேலம், மேட்டூர், ஈரோடு பக்கமிருந்து வருகிற கூட்டத்தைப் பார்க்கிறோம். தேவர குட்டர்கள் கம்சாளே தட்டிக்கொண்டு மாதப்பன் கதையை ராத்திரி முழுதும் பாடுகிறார்கள். பாஷை புரியாத நம்மவர்களும் எழுந்து போவதில்லை. வேடர் குலத்துச் சங்கம்மாவின் துயரத்தைக் கேட்கும்போது, தினைப்புனம் காத்த வேடர் குலத்து வள்ளியின் நினைவு வருகிறது.

சுவாமிகள் செய்த ஒரு காரியத்தை விவரமாகச் சொல்லவேண்டும். கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகும் 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒன்று நிலைத்துவிட்டது. அது நடக்கும் விதமே விசித்திரம். திருவிழாவுக்கு ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார். பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் ஒரு ஊர், மிருதங்கம் ஒரு ஊர். ஒத்திகை கிடையாது. சிலர் அன்றுதான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்ப்பார்கள். பத்து மணிக்கு மேல் திரை விலகும். விடியும்வரை நாடகம் பிசகில்லாமல் நடக்கும். எப்படி? எல்லாருக்கும் பாடம் ஒன்று. சுவாமிகள் பாடம். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் வருகிற இடத்தில் அவரவர் வித்தையைக் காட்டி ஒரு மணி நேரம் இழுக்கலாம். ஆனால் புறப்பட்ட பாட்டுக்கே திரும்பி வந்து சேரவேண்டும். இரண்டு வண்டிகள் வேறு வேறு ஊரிலிருந்து கிளம்பி ஒரே ஜங்ஷனில் வந்து நிற்கிற மாதிரி. கால அட்டவணை எழுதியவர் 1922-லேயே போய்விட்டார், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த நாடகத்தில் இடம் விட்டு எழுதியிருந்ததால் காலத்துக்கு ஏற்றதும் உள்ளே நுழைந்தது. சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸ், வள்ளி திருமணத்தில் முருகனாக வந்து, பறவை விரட்டும் கட்டத்தில் வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டைப் பாடினார். போலீசார் மேடையிலேயே பிடிப்பார்கள். பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னையில், மயில்மேல் முருகன் வேஷத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு நடிக்க மறுத்த ஸ்திரீபார்ட்டுகளும் உண்டு. மேடையில் முருகன், மேடைக்கு வெளியே தீட்டு. நாடகம் எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை.

இன்று நிலைமை சுமார்தான். சீசன் என்பது மாசியிலிருந்து ஆடி வரை. மற்ற மாதங்களில் நடிகர்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள். பாட்டுக் கச்சேரியும் ஆடல் பாடலும் பந்தலைப் பிடித்துக்கொண்டன. இருந்தும் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் நாடக நடிகர் சங்கங்களில் சுவாமிகள் படத்துக்கு மாலை போடாமல் சீசன் தொடங்குவதில்லை. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் சாமிக்கு நேர்ந்துகொண்டு வள்ளி திருமணம் வைக்கும் வழக்கம் விடவில்லை.

பெங்களூரிலிருந்து லீவு போட்டுப் புதுச்சேரி போகிறவர்கள் கடற்கரையும் ஆசிரமமும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பிக்கும் துறைக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரை வைத்திருக்கிறார்கள். அவருடைய சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நவம்பர் 13-ந் தேதி நாடகக்காரர்கள் அங்கே கூடுகிறார்கள்.